மாந்தோப்புல தேனீ பெட்டி வைக்கலாமா?

காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கற எங்க கொல்லையில தேனீ பெட்டி வைக்கறதா வேணாமான்னு வீட்டுல கொஞ்ச நாளா இதே பேச்சுதான். அப்பாவுக்கு ஆசை, ஆயாவுக்கு பயம், எனக்கு ரெண்டுமே இருக்கு. தீனிக்கு கொறை இல்ல, மா, தென்னை, முருங்கை, வரப்போரம் புளியும் புங்கமும் வேம்பும், மழைக்கு அவரை கொள்ளு போடுவோம், கிணத்துலயும் தண்ணி இருக்கு.

எந்த தேனீங்கறதுல எங்களுக்குள்ள சண்டை இல்ல. மலைத்தேனீ, கொம்புத்தேனீ ரெண்டும் பெட்டிக்குள்ள நிக்காது. இத்தாலி தேனீ தேன் நெறைய குடுக்கும் ஆனா பூ முடிஞ்சா பெட்டிய வண்டில ஏத்திக்கிட்டு அடுத்த ஊருக்கு போகணும், அது தொழிலா செய்யறவங்களுக்கு சரி, எங்களுக்கு ஆகாது. அதனால இந்தியத் தேனீதான், நம்ம வெயிலுக்கு பழகினது, இந்தியத் தேனீக்குன்னே இருக்கற சின்ன நியூட்டன் பெட்டி போதும். இதுலயும் ஒரு பயம் இருக்கு, 1991-92ல தாய் சாக் புரூட் (Thai sacbrood)னு ஒரு வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீ கூட்டம் கூட்டமா அழிஞ்சுது, புழுவா இருக்கும்போதே செத்துடும். அதனால எங்க வாங்கினாலும் தேனடையத் தூக்கி புழுவ பாத்துட்டுத்தான் வாங்கணும்.

ஆயா கேக்கறது கொழந்தைங்களையும் மாட்டையும் பத்தி. நியாயமான கேள்விதான், கட்டிப்போட்ட மாடு தேனீ கலைஞ்சா ஓட முடியாது. பெட்டிய கொட்டாய்ல இருந்து தள்ளி, நெழல்ல, பெட்டி வாசல் நடைபாதைய பாக்காம வைக்கலாம்னு சொல்லியிருக்கேன். கொட்டினா தோல்ல நிக்கற கொடுக்க ஒடனே எடுத்துடணும், பெரும்பாலும் வீங்கி வத்திடும், ஆனா ஒடம்பு பூரா தடிச்சு மூச்சு எளைச்சா நொடி கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இத வீட்டுல எல்லாருக்கும் சொல்லாம பெட்டி உள்ள வரக்கூடாதுன்னு நான் உறுதியா இருக்கேன்.

ஆனா என்னை தூங்க விடாதது கொட்டு இல்ல, பூச்சி மருந்து. நம்ம கிருஷ்ணகிரில மா பூக்கறது மார்கழி, தை, மாசி, அதே நேரத்துலதான் தத்துப்பூச்சி வரும், இலைப்பேன் வரும், இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்த பூவு மேலயே அடிப்பாங்க. அந்த மருந்து தேனீக்கு கடும் விஷம், ஐரோப்பாவுல 2018ல தெறந்த வெளியில அடிக்கவே தடை போட்டுட்டாங்க. நாங்க எங்க மரத்துக்கு அடிக்காம இருக்கலாம், தேனீக்கு வேலி தெரியுமா, ஒரு கிலோமீட்டர் சாதாரணமா பறக்கும். சுத்தி இருக்கற தோப்பெல்லாம் குத்தகைக்கு விட்டது, மரத்துக்காரர் ஊர்ல இருப்பாரு ஆனா மருந்த முடிவு பண்றது குத்தகைக்காரர், அவருக்கு அந்த ஒரு சீசன்தான் கணக்கு. அவரயும் தப்பு சொல்ல முடியல, பூவு கருகிப்போனா போட்ட பணம் மொத்தமும் போச்சு. ஆனா அதே பூவுல காய் பிடிக்கவும் ஈயும் தேனீயும் வந்து ஒக்காரணும்ல, அத யாருமே பேசறதில்லைங்கறதுதான் எனக்கு பெரிய வருத்தம்.

அதனால இந்த வருஷ மாம்பூவுக்கு பெட்டி வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். பங்குனில மருந்தெல்லாம் ஓஞ்சப்புறம், வேம்பும் புங்கமும் பூக்கற நேரத்துல ரெண்டு பெட்டி வாங்கறோம். ஏன் ரெண்டுன்னா ஒண்ணுல ராணி செத்துட்டா இன்னொண்ணுல இருந்து முட்டை இருக்கற சட்டத்த (அடை கட்டற மரச்சட்டம்) எடுத்து வச்சா அதுங்களே புது ராணிய வளத்துக்கும். ஸ்டாண்டு காலுக்கு அடியில தண்ணி கிண்ணம், இல்லன்னா எறும்பு விடாது. வாங்கறதுக்கு முன்னாடி பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல பயிற்சி எப்பன்னு அப்பா கேட்டுட்டு வராரு, மானியத்துக்கு தோட்டக்கலை ஆபீஸ்ல நான் விசாரிக்கறேன்.

அடுத்த மார்கழிக்குள்ள பக்கத்து தோப்பு குத்தகைக்காரர்கிட்ட ஒக்காந்து பேசணும். மருந்தே அடிக்காதீங்கன்னு சொல்லப் போறதில்ல, பூ முழுசா விரியறதுக்கு முன்னாடியே அடிங்க, முடியலன்னா சாயங்காலம் தேனீ அடைஞ்சப்புறம் அடிங்க, எந்த நாள்னு முந்தின நாளே ஒரு போன் பண்ணுங்க, நாங்க பெட்டி வாசல சல்லடை வச்சு மூடிக்கறோம்னு கேக்கப்போறோம். அவரு ஒத்துக்கலன்னா பூ முடியற வரைக்கும் பெட்டிய பென்னாகரத்துல மாமா கொல்லைக்கு கொண்டுபோயிடுவோம், அங்க கிட்டத்துல மாந்தோப்பு இல்ல, மாமாவும் சரின்னுட்டாரு.