வாக்கிங்கில் மோப்பம்: இழுக்காமல் நடத்திப் பார்த்த குறிப்புகள்

"நடக்கவே மாட்டேங்குது, கம்பத்துக்குக் கம்பம் நிக்குது." நாய் வளர்ப்பவர்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இது. ஆள் இழுப்பார், நாய் நாலு காலையும் ஊன்றும். ஆள் ஜெயித்தாலும் அடுத்த கம்பம் வரைக்கும்தான். இழுப்பதை விட்டுவிட்டு, மோந்து பார்ப்பதையே ஒழுங்கான நடைக்குக் கூலியாகக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று படிப்படியாகச் செய்து பார்த்த குறிப்பு இது. நாய், மூன்று வயது ஆண் லாப்ரடார், எடை 30 கிலோ. இடம், கோயம்புத்தூரில் ஒரு குடியிருப்புத் தெரு. தெருநாய்க் கூட்டம் இரண்டு, முனையில் ஒரு கறிக்கடை, நடுவில் புல் மண்டிய காலி மனை ஒன்று.

மூக்குக்குள் என்ன வேலை

மனிதன் மூக்கில் மணம் உணரும் செல்கள் 50, 60 லட்சம் அளவு. நாய்க்கு இனத்தைப் பொறுத்து 12 கோடியிலிருந்து 30 கோடி வரை சொல்கிறார்கள். நடத்துகிறவருக்கு இந்த எண்ணைவிடப் பயன்படுவது காற்று போகும் வழி. மோந்து பார்க்கும்போது நாய் விநாடிக்கு ஐந்து தடவை அளவில் குட்டிக் குட்டியாக மூச்சை இழுக்கிறது. விடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்பக்கம் சீறிப் போவதால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. தரையில் படிந்த துகள்கூடக் கிளம்பி மூக்குக்கு வருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செட்டில்ஸ் குழுவினர் 2003இல் இந்தக் காற்றோட்டத்தை ஆய்வாக வெளியிட்டார்கள். உள்ளே போகும் காற்றில் எட்டில் ஒரு பங்கு அளவு தனிப் பாதையில் பிரிந்து மணம் உணரும் பகுதிக்குப் போகிறது, மீதி நுரையீரலுக்கு.

இதிலிருந்து நேராக வரும் ஒரு விஷயம்: வாயைத் திறந்து இளைக்கிற நாயால் ஒழுங்காக மோந்து பார்க்க முடியாது. வெயில் ஏறிய பிறகு கூட்டிப் போனால் நடையும் கெடும், மோப்பமும் கெடும். கோடையில் காலை ஆறரைக்குள் வீடு திரும்புவது நல்லது. புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு வாக்கிங் வேண்டாம்.

ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக ரெண்டு மூன்று தடவை போய் வருவதைப் பார்த்து நாய் குழம்பிவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் அது திசை பார்க்கிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை ஒன்றில் (2005), நடந்துபோன ஆளின் ஐந்து காலடிகளை மோந்தே அவர் எந்தப் பக்கம் போனார் என்று நாய்கள் கண்டுபிடித்தன. இழுத்துக்கொண்டு போனால் அந்த ஐந்தாவது அடி கிடைக்கவே கிடைக்காது. நிறுத்தி வைத்த ஆட்டோ டயரில் இவ்வளவு நேரம் என்ன வேலை என்று தோன்றும். அந்த டயர் நாலு ஏரியா சுற்றி, நாலு ஏரியா நாய்களின் உச்சாவையும் சுமந்து வந்திருக்கிறது.

சாமான்

கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டினால் நாய் தலையைக் குனியும்போதெல்லாம் தொண்டை இறுகும். அதற்குப் பதில் மார்பில் ஒய் வடிவம் வரும் ஹார்னஸ் (உடம்போடு மாட்டும் பட்டை), கயிறு முதுகுப் பக்க வளையத்தில். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தெருவுக்கு 2 மீட்டர் கயிறு, காலி மனைக்கு 5 மீட்டர். 30 கிலோ நாய்க்கு 20 மி.மீ. அகலப் பட்டைக் கயிறு கைக்கு இதம். தானே சுருண்டு உள்ளே போகும் லீஷ் இந்த வேலைக்கு ஆகாது. அதில் எப்போதும் ஒரு இழுவை இருந்துகொண்டே இருப்பதால் தளர்ந்த கயிறு என்றால் என்ன என்று நாய்க்குத் தெரியவே தெரியாது. நீளக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, நாய் பாய்ந்தால் விரல் போய்விடும். உள்ளங்கையில் மடிப்பு மடிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீனி: வேகவைத்த கோழிக்கறி, உப்பில்லாமல், பட்டாணி அளவில். ஒரு நாள் தீனி மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. திராட்சை, வெங்காயம் கலந்தது, சாக்லேட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

முதல் கட்டம்: கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது

முதல் சில நாட்கள் எதையும் மாற்றவில்லை. நாய் நின்றால் நிற்பது, கயிறு தொங்கலாக இருக்கும்படி ஓரடி பக்கத்தில் போவது, அவ்வளவுதான். எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம். நிறுத்தங்களில் பெரும்பாலானவை சில விநாடிகள்தான். நீளமானவை நாலைந்து இடங்களில் மட்டும்: டிரான்ஸ்பார்மர் மூலை, காம்பவுண்டுச் சுவரின் அடிப்பாகம், காலி மனைப் புல். தானாக விட்டால் அங்கேயும் ஒரு நிமிடத்துக்குள் தலை நிமிர்ந்துவிடுகிறது. பாதியில் இழுத்தால் பத்தடி தள்ளி மறுபடி நிற்கிறது. இழுக்கிறவர்கள்தான் அதிகம் நிற்க வேண்டி வருகிறது.

இந்தக் கட்டத்தில் கண் பழக வேண்டிய ஒன்று, மோப்பம் முடிகிற கணம். மூக்கு ஒரே புள்ளியில் அழுந்தியிருக்கும், நாசி துடிக்கும், வால் அசையாது. பிறகு 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. நாக்கு வெளியே வந்து மூக்கை ஒரு தடவை நக்கும். தலை ஒரு சாண் உயரும், ஒரு காது மட்டும் நம் பக்கம் திரும்பும். அந்தக் காது திரும்பும் விநாடியில் கூப்பிட்டால் வருகிறது. அதற்கு முன்னால் கூப்பிட்டது அதன் காதில் ஏறுவதே இல்லை.

இரண்டாம் கட்டம்: இரண்டே சொல்

"மோந்துக்கோ" என்றால் போய்ப் பார்க்கலாம். "போலாம்" என்றால் கிளம்ப வேண்டும். வேறு சொல் வேண்டாம். வீட்டில் அப்பா "வாடா" என்பார், பாட்டி "போதும்மா வா" என்பார், பையன் விசில் அடிப்பான். நாய்க்கு மூன்றும் மூன்று பாஷை. முதலில் வீட்டாரைப் பழக்க வேண்டும், அதுதான் சிரமமும்.

"போலாம்" வீட்டு ஹாலில் ஆரம்பிக்கிறது. நாய் சும்மா நிற்கும்போது ஒரு தடவை சொல்லுங்கள். ஒரு விநாடி பொறுங்கள். பிறகு ஓரடி பின்னால் வையுங்கள். நாய் திரும்பி வந்ததும் தொடையை ஒட்டித் தீனி. ஒரு வேளைக்கு பத்துத் தடவை போதும். சொல்லைக் கேட்டதுமே, நாம் அடி எடுத்து வைக்கும் முன், நாய் திரும்ப ஆரம்பித்தால் அடுத்தது வராந்தா, அப்புறம் கேட், அப்புறம் தெருவில் வாசனை குறைந்த இடம். அங்கே முதலில் காது திரும்பும் கணத்தில் மட்டும் சொல்ல வேண்டும். சொன்னால் வருகிறது என்பது உறுதியான பிறகுதான் நடு மோப்பத்தில் சொல்லிப் பார்ப்பது. அதுவும் ஒரு நடையில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

கெட்டுப்போவது இங்கேதான். சொல்லும் இழுப்பும் ஒரே நேரத்தில் வந்தால், "போலாம்" என்பது வெட்டி இழுக்கப்போகிறார்கள் என்ற எச்சரிக்கையாகிவிடும். நாய் இன்னும் அழுத்திக் கால் ஊன்றும். "போலாம் போலாம் போலாம்" என்று அடுக்கினால் அது தெருச் சத்தத்தில் ஒன்றாகிவிடும். தீனியை முதலிலேயே மூக்கு முன்னால் காட்டினால், கையில் கறி தெரியாத நாளில் நாய் அசையாது. மூக்கு நிலத்தை விட்ட பிறகுதான் கை பைக்குள் போக வேண்டும்.

வரவில்லை என்றால்? மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு பின்னாலிருந்து இழுக்காமல், பக்கவாட்டில் சுற்றி அதன் கண்ணில் படும்படி வந்து நில்லுங்கள். பாதி நேரம் அதுவே போதும். அப்போதும் வரவில்லையானால் கயிற்றின் மேல் கையை வழுக்கிக்கொண்டு ஹார்னஸ் வரை போய், மெல்லிய, ஒரே சீரான அழுத்தம். நாய் ஒரு காலை நகர்த்தியதும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். வெட்டி இழுக்கவே கூடாது.

மூன்றாம் கட்டம்: கூலி

நாய் இழுப்பதே அந்தக் கம்பத்துக்குப் போகத்தான். ஆகவே கம்பத்தையே சம்பளமாக வைத்தாயிற்று. கம்பத்துக்கு 3 மீட்டர் முன்னால் நின்று, கயிறு தளர்ந்து ஐந்து காலடி நடந்தால் "மோந்துக்கோ". சொன்னதும் நாமும் கூடவே வேகமாகப் போக வேண்டும். கயிறு விறைத்தால் மரம் மாதிரி நிற்பது. தளர்ந்ததும் நடை. முதல் நாள் அந்த மூன்று மீட்டரைக் கடக்கவே ரெண்டு நிமிடம் ஆகும், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

ஐந்து அடி சரியானதும் பத்து, பிறகு இருபது. ஏணிப்படி மாதிரி ஏற்றிக்கொண்டே போனால் நாய் சலித்துவிடும். இடையிடையே மூன்றடியிலேயே கொடுத்துவிட வேண்டும். கயிறு விறைத்தபடியே ஒரு தடவை கம்பத்தைத் தொட்டுவிட்டால், அன்றைக்கு இழுப்புக்குச் சம்பளம் கொடுத்ததாகக் கணக்கு. அவசரமாக ஆபீஸ் கிளம்பும் காலையில்தான் இது நடக்கும். அந்த மாதிரி நாட்களில் பயிற்சியே வேண்டாம்: கேட்டுக்கு வெளியே உச்சா போகவைத்துத் திரும்பி, மாலையில் நிதானமாகப் போகலாம்.

இந்தக் கட்டம் பிடிபட்டதும் கறித்துண்டின் தேவை குறைந்துகொண்டே வந்தது. அரை மணி நேரம் இப்போது இப்படிப் பிரிகிறது: முதல் ஐந்து நிமிடம் உச்சா, கக்கா, நடுவில் இருபது நிமிடம் காலி மனையில் நீளக் கயிற்றில் அதன் இஷ்டம், கடைசி ஐந்து நிமிடம் நிற்காமல் வீட்டுக்கு. தூரம் பாதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறது, முன்பு போலப் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து தொந்தரவு செய்வதில்லை. பிரான்சைச் சேர்ந்த ஷார்லட் டுராண்டனும் நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதோடு பொருந்துகிறது. இரண்டு வாரம் மூக்கு வேலை (ஒளித்த தீனியை மோந்து தேடுவது) செய்த நாய்கள், காலோடு ஒட்டி நடக்கப் பழகிய நாய்களைவிட, உள்ளே தீனி இருக்குமா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கிச் சீக்கிரமாகப் போயின. நல்லதை எதிர்பார்க்கும் மனநிலையின் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார்கள்.

எல்லா மோப்பமும் ஒன்றல்ல

எதிரே இன்னொரு நாய் வரும்போது சட்டென்று ஒன்றுமே இல்லாத சிமெண்ட் தரையை மோந்தால், அது வாசனைக்காக அல்ல. மூக்கு கீழே, கண் ஓரமாக மேலே, வால் தாழ்ந்திருக்கும், நடுவில் உதட்டை நக்கும், கொட்டாவி விடும். "எனக்கு வம்பு வேண்டாம்" என்று காட்டுகிறது. அப்போது "போலாம்" சொல்லி நேராக நடத்தினால் எதிராளியின் முகத்துக்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம். அரைவட்டம் அடித்து எதிர்ப்புறம் போய்விடுங்கள்.

ஓரிடத்தில் மோந்து, நக்கி, பல் கிடுகிடுக்க, வாயோரம் நுரை தள்ள நின்றால், சூட்டுக்கு வந்த பெண் நாயின் உச்சா. மேல் முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் தனி உறுப்புக்கு அதை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இங்கே எந்தச் சொல்லும் எடுபடாது. பத்து விநாடி கொடுத்துவிட்டு, ஹார்னஸைப் பிடித்து மெதுவாகக் கடந்துவிடலாம். அந்தப் பகுதிக்குச் சில வாரம் வேறு வழி.

தலை தாழ்ந்து, வேகமாக, கோணல்மாணலாகப் போய் வாய் அசைய ஆரம்பித்தால் அது எச்சில் வேட்டை. கறிக்கடை ஓரம் சமைத்த கோழி எலும்பு, சாக்கடை மூடியருகே எலி மருந்து, இரண்டுமே உயிருக்கு ஆபத்து. அந்த முப்பது அடிக்கு "மோந்துக்கோ" கிடையவே கிடையாது. கயிறு ஒரு மீட்டர், நாய் ரோட்டுப் பக்கம், நாம் குப்பைப் பக்கம்.

தெருவில் கவனிக்க வேண்டியவை

மழை விட்டதும் ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிடுகிறார்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் மூக்கு போகும் முன் தாண்டிவிட வேண்டும். தேங்கிய தண்ணீரில் எலி உச்சா கலந்திருந்தால் லெப்டோ (எலிக்காய்ச்சல்) வரலாம். அதற்கான தடுப்பூசி வருடா வருடம். தடுப்பூசி வரிசை முடியாத குட்டியைத் தெருவில் இறக்கவே வேண்டாம், பார்வோ வைரஸ் (குட்டிகளின் உயிரைப் பறிக்கும் வயிற்றுப்போக்கு நோய்) அங்கேயே காத்திருக்கும். தூக்கிக்கொண்டு போய் ஊர்க் காற்றை மோந்து பார்க்க விடலாம்.

தெருநாய்க் கூட்டத்தின் எல்லைக் கம்பம் எது என்று பத்து நாளில் தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் வந்து காலைத் தூக்குகிற இடம். கூட்டம் கண்ணில் படும்போது அங்கே நிற்காதீர்கள், நம் நாயைக் காலைத் தூக்கவும் விடாதீர்கள். ஆளில்லாத நேரத்தில் அதே கம்பத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

புல்லில் விட்டு வந்த பிறகு உண்ணி பார்க்க வேண்டிய இடங்கள்: காதுக்குள், விரலிடுக்கு, அக்குள், பட்டைக்கு அடியில். துணியில் குத்தி ஏறும் புல்விதை மூக்கிலும் ஏறும். நடையின் நடுவே திடீரென்று விடாத தும்மல், ஒரு பக்க மூக்கை மட்டும் காலால் தேய்ப்பது என்றால் அன்றே மருத்துவரிடம். ஒரு பக்க மூக்கில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. தெருநாய்களிடையே பரவும் பால்வினைக் கட்டி, மோந்து நக்குவதன் வழியாக மூக்குக்குள்ளும் வருவதுண்டு.

அடைமழை நாளில் பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுப்பது, ஆறு அட்டைப்பெட்டியில் இரண்டில் மட்டும் ஒளித்து வைப்பது, இதில் பத்து நிமிடம் ஓடும். பெட்டியைக் கிழித்துத் தின்கிற நாயானால் துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னும் சரியாகாதது பூனை. காரடியில் பூனை போன தடத்தில் மூக்கு வைத்தால் "போலாம்" இன்றைக்கும் வேலை செய்யவில்லை. அடுத்து செய்து பார்க்கப்போவது, அந்தக் காரிலிருந்து 10 மீட்டர் தள்ளி மறுபடி ஐந்தடியிலிருந்து ஆரம்பிப்பது. கறிக்குப் பதில் கருவாட்டுத் துண்டு, உப்புப் போக நன்றாக ஊறவைத்து அலசியது.