துத்தநாக ஆக்சைடும் மழைநாளும்

நவம்பர் 3

விடியற்காலையிலிருந்து மழை. ஆய்வேட்டுக்காகக் கண்ணாடித் துண்டுகளில் துத்தநாக ஆக்சைடு மென்படலம் பூசிக்கொண்டிருக்கிறேன்; அலுமினியம் சேர்த்தால் அது எப்படி மாறுகிறது என்று பார்க்க. ஜிங்க் அசிடேட் 5.49 கிராமை 50 மில்லி மெத்தாக்ஸி எத்தனாலில் கரைத்து, எத்தனாலமைன் சேர்த்து நேற்றே ஊற வைத்திருந்தேன். இன்று மாசு, அதாவது வேண்டுமென்றே கலக்கும் வேற்று அணு, சேர்க்காத சாம்பிள். கரைசலைச் சுழற்றிப் பரப்பும் ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 3000 சுற்று, 30 விநாடி. பிறகு ஹாட் பிளேட்டில் 300 டிகிரியில் 10 நிமிடம். இப்படி ஆறு பூச்சு. கடைசியில் ஃபர்னஸில் 500 டிகிரி, ஒரு மணி நேரம். வெளியே எடுத்தபோது கண்ணாடி லேசாகப் பால் படிந்ததுபோல் இருந்தது. சரி, படலம் பிடித்திருக்கிறதே என்று டப்பாவில் போட்டு வைத்தேன்.

நவம்பர் 9

நல்ல வெயில். துத்தநாக அணுக்களில் 2 சதவீதத்துக்குப் பதில் அலுமினியம் சேர்த்த கரைசல். மற்றதெல்லாம் அதே முறை. படலம் இருப்பதே தெரியவில்லை, வெறும் கண்ணாடிபோல அவ்வளவு தெளிவு. சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஓரத்தில் மெல்லிய நிறங்கள். அலுமினியத்தின் மகிமை என்றே நினைத்தேன்.

நவம்பர் 13

எந்த ஆற்றலுள்ள ஒளியைப் படலம் எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் யூவி அளவீடு எடுத்தாயிற்று. அதிலிருந்து வரையும் டாக் பிளாட்டில் கோடு இழுத்தால், அது அடியில் வெட்டும் இடம்தான் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் கட்டிலிருந்து விடுபட்டுக் கடத்தும் பட்டைக்குத் தாவத் தேவையான ஆற்றல். மாசில்லாததற்கு அது 3.27 எலக்ட்ரான் வோல்ட், அலுமினியம் சேர்த்ததற்கு 3.33. எவ்வளவு சந்தோஷம்! துத்தநாகத்தின் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் ஒரு எலக்ட்ரான் கூடுதலாகக் கிடைக்கும். அவை கடத்தும் பட்டையின் அடிப்பகுதியை நிரப்பிவிட, ஒளி இன்னும் மேலே தாவ வேண்டியிருக்கும். 1954-இல் பர்ஸ்டீனும் மோஸும் இண்டியம் ஆன்டிமோனைடு என்ற குறைகடத்திக்குத் தனித்தனியாகச் சொன்ன அதே விளக்கம். அத்தியாயத்தில் ஒரு பத்தி எழுதியே விட்டேன்.

கைடு படித்துவிட்டு, "முதல்ல எலக்ட்ரானை எண்ணிட்டு வாம்மா" என்றார்.

நவம்பர் 17

எண்ணினேன். இடைவெளி 0.06 எலக்ட்ரான் வோல்ட் நகர வேண்டுமானால் கணக்குப்படி ஒரு கன சென்டிமீட்டரில் 10¹⁹ எலக்ட்ரான்கள் வேண்டும். காந்தப்புலத்தில் வைத்து எலக்ட்ரான்களை எண்ணும் ஹால் அளவீட்டில் கிடைத்தது 10¹⁸. அதற்கு நகர்வு வெறும் 0.013 தான். காற்றில் சுட்டதால் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும்; அலுமினியம் போட்ட அளவுக்குப் பலன் வராதது இதனால்தான். அப்படியானால் மீதி 0.047 எங்கிருந்து வந்தது? படிகத் துகள் சிறுத்ததால் என்றும் சொல்ல முடியாது. துகள்கள் சுமார் 25 நானோமீட்டர். குவான்டம் விளைவு தெரிய அவை சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுக்க வேண்டும்.

நவம்பர் 20

மேற்பரப்பின் மேடுபள்ளத்தை நுண்ணிய ஊசியால் தடவி அளக்கும் ஏ.எஃப்.எம். படங்கள் வந்தன. அலுமினியம் சேர்த்த படலத்தின் சராசரிக் கரடு 6 நானோமீட்டர். மாசில்லாததில் 31! மேற்பரப்பு முழுக்கச் சுருக்கம், காய்ந்த பாலாடைபோல.

ஹாஸ்டலுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. நம் கருவி நேராக வரும் ஒளியை மட்டுமே எண்ணுகிறது. கரடான பரப்பில் பட்டுப் பக்கவாட்டில் சிதறியதையெல்லாம் படலம் விழுங்கிவிட்டதாகக் கணக்கில் எழுதிவிடுகிறது. வரைபடத்தின் அடித்தளம் அப்படி உயர்ந்தால், டாக் பிளாட்டில் இழுக்கும் கோடு குறைந்த ஆற்றலில் போய் வெட்டும். 3.27 என்பது துத்தநாக ஆக்சைடின் எண்ணே அல்ல, அந்தப் பால் படிவின் எண்.

அந்தப் பால் படிவு வந்தது மூன்றாம் தேதி மழையில். ஈரக்காற்றில் கரைசல் சீராகக் காயாமல் சுருங்கிப்போயிருக்கிறது. நான் ஒப்பிட்டது அலுமினியத்தை அல்ல, இரண்டு நாட்களின் வானிலையை.

நவம்பர் 29

மாசில்லாததைத் திரும்பச் செய்தேன். ஏசி போட்டு, கதவைச் சாத்தி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து பூசினேன். படலம் பளிங்காக வந்தது. ஆற்றல் இடைவெளி 3.32. வித்தியாசம் 0.01, கோடு இழுப்பதில் வரும் பிழையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஹால் அளவீட்டோடு முரண்படவில்லை.

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் 1, 2, 3, 4 சதவீதம் நான்கையும் மாசில்லாததையும் ஒரே நாளில் பூசி, ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் சுடப் போகிறேன். எலக்ட்ரான்கள் கூடினால் ஆற்றல் இடைவெளி நிஜமாகவே நகர வேண்டும். கண்ணாடித் துண்டுகளைக் கழுவி வைத்தாயிற்று.