46 மாதிரிகள், 44 முடிவுகள்

ஆய்வுக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரே அவசரம். ஆராய்ச்சி முடிந்தது, எழுதியாயிற்று, இனி ஃபைல்களை ஏற்றிப் பட்டனை அழுத்துவதுதான் பாக்கி என்ற நினைப்பு. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இப்போது அந்தக் கடைசி வாரத்தை ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகவே நடத்துகிறேன். அதற்குக் காரணம் நிலத்தடி நீரில் நைட்ரேட் அளவைப் பற்றிய ஒரு கட்டுரை.

எழுதியவள் என் மாணவி. அவளுக்கு அது முதல் கட்டுரை. ஜர்னலின் வழிமுறைப் பக்கங்களை பிரிண்ட் எடுத்து வரிவரியாக டிக் அடித்து வைத்திருந்தாள். கட்டுரைச் சுருக்கம் 250 சொல்லுக்குள், ஓரத்தில் வரி எண்கள், படங்கள் 300 டிபிஐ தெளிவில், எல்லாம் கச்சிதம். எழுதியவர் யார் என்று, ஜர்னலுக்காகக் கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொல்லும் மதிப்பீட்டாளருக்குத் தெரியக்கூடாத முறை என்பதால் பெயர்கள் உள்ள முதல் பக்கத்தைத் தனி ஃபைலாகப் பிரித்ததோடு, வேர்ட் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் ஒட்டியிருந்த தன் பெயரையும் எடுத்திருந்தாள். அனுபவசாலிகளே கோட்டை விடும் இடம் அது.

அனுப்புவதற்கு முன் நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. சுருக்கத்தில் வரும் ஒவ்வொரு எண்ணையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அது உள்ளே எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று தேடிப் பிடிப்பேன். அன்று சுருக்கத்தில் 46 மாதிரிகள் என்று இருந்தது. செய்முறைப் பகுதியிலும் 46. இரண்டாவது அட்டவணையைக் கூட்டினால் 44.

"ரெண்டுதானே மேடம், விட்டுப்போயிருக்கும். சேர்த்துடறேன்" என்றாள்.

"எதைப் பார்த்துச் சேர்ப்பே? ஃபீல்டு நோட்டை எடுத்துட்டு வாம்மா."

நோட்டில் பென்சிலால் ஒரு வரி: '17, 31 – மூடி கசிவு. அளவு எடுக்கவில்லை.' எழுதியவர் எங்கள் ஆய்வக உதவியாளர். ஆக அட்டவணை சரி, 46 என்பது எடுத்து வந்த பாட்டில்களின் கணக்கு. அதோடு முடிந்திருந்தால் ஒரு வரி சேர்த்துவிட்டு அன்றே அனுப்பியிருப்போம். ஆனால் மூன்றாவது படம் பழைய எக்செல் ஃபைலிலிருந்து வரையப்பட்டது. அந்த ஃபைலில் 17க்கும் 31க்கும் நேராக, காலியாக இருக்க வேண்டிய கட்டங்களில், சுழி இருந்தது. அளவிடாததும் சுழியும் ஒன்றல்ல. அந்த இரண்டு சுழிகளும் சராசரியைக் கீழே இழுத்திருந்தன. அந்தச் சராசரியை நம்பி முடிவுரையில் ஒரு பத்தியே எழுதியிருந்தோம்.

எக்செல் விஷயத்தில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அவற்றுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே 'மார்ச்1' என்பதை 'மார்ச்எஃப்1' என்றும் 'செப்ட்1' என்பதை 'செப்டின்1' என்றும் மாற்ற வேண்டியிருந்தது. மென்பொருளை நம்பி விடாமல், மூல நோட்டுடன் ஒருமுறை ஒப்பிட்டே தீர வேண்டும். எங்களுக்கு அதற்கு மூன்று நாள் பிடித்தது. முடிவுரைப் பத்தியைத் திரும்ப எழுதினோம்.

அந்த மூன்று நாளும் பென்சில் எழுத்துகளைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். பாட்டில் கழுவியதிலிருந்து கருவியைத் திருத்தி அமைத்தது வரை உதவியாளரின் கையெழுத்து. கட்டுரையிலோ அவர் பெயர் கடைசியில் நன்றிப் பகுதியில் இருந்தது. கட்டுரையின் ஆசிரியராக யாரைச் சேர்க்கலாம் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பல துறைகளும் பின்பற்றுகின்றன: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. இவற்றைக் காட்டி, 'அவர் ஒரு வரிகூட எழுதவில்லையே' என்று தட்டிக் கழிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்றவற்றில் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே குழு சொல்கிறது. வரைவைக் கொடுத்தோம். செய்முறைப் பகுதியில் நான்கு இடம் திருத்தித் தந்தார். மூன்றாவது ஆசிரியராகச் சேர்த்து, ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஓர்கிட் கணக்கும் தொடங்கிக் கொடுத்தோம். பெயரை ஒவ்வொரு பேப்பரில் ஒவ்வொரு விதமாக எழுதினாலும் அந்த 16 இலக்க எண் ஆளை விட்டுப் போகாது. இதையெல்லாம் அனுப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அனுப்பிய பிறகு ஆசிரியர் பட்டியலைத் தொடுவதென்றால் காரணக் கடிதம், எல்லோருடைய ஒப்புதல் என்று பெரிய பாடு.

அனுப்பினோம். சில மாதம் கழித்து 'மேஜர் ரிவிஷன்', அதாவது பெரிய திருத்தங்கள் தேவை, என்று பதில் வந்தது. இரண்டாவது மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்: 'இரண்டு மாதிரிகளை நீக்கிய காரணத்தைச் சொன்னது சரி. மற்ற 44 பாட்டில்களும் கசியவில்லை என்பது எப்படித் தெரியும்?'

மாணவிக்கு அழுகையே வந்துவிட்டது. நேர்மையாக எழுதியதற்கு இதுவா பலன் என்றாள். அவளிடம் ஐன்ஸ்டைன் கதையைச் சொன்னேன். 1936இல் அவரும் சக ஆய்வாளர் ரோசனும் ஈர்ப்பு அலைகள் கிடையாது என்ற முடிவோடு 'ஃபிசிக்கல் ரிவ்யூ' என்ற இயற்பியல் இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பினார். நீண்ட விமர்சனம் வந்தது. தன்னைக் கேட்காமல் வேறொருவரிடம் காட்டியதற்காக ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டார். அடுத்த வருடம் அது வேறு இதழில் வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. பெயர் சொல்லாத அந்த மதிப்பீட்டாளர் சுட்டிய கோளாறு உண்மையானது. அவர் இயற்பியலாளர் ராபர்ட்சன் என்பது 2005இல்தான் வெளியே தெரிந்தது.

கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, அவளிடமும் இல்லை. உதவியாளரைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒவ்வொரு பாட்டிலிலும் தண்ணீர் எடுத்தவுடனே மட்டத்தில் கோடு போட்டுவிடுவாராம். ஆய்வகத்துக்கு வந்ததும் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். 17லும் 31லும் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. செய்முறையில் இரண்டு வரியாக அதைச் சேர்த்து, பதில் கடிதத்தில் அந்த வரி எண்களைக் குறிப்பிட்டு, கேள்விக்கு மனதார நன்றி எழுதினோம். அடுத்த சுற்றில் கட்டுரை ஏற்கப்பட்டது.

வெளியிடும் முன் கடைசியாகச் சரிபார்க்கும் புரூஃப் வந்தபோது 48 மணி நேரம்தான் அவகாசம். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தோம். செய்முறைக்கு வந்ததும் உதவியாளர் விரலை வைத்து நிறுத்தினார். "பேனாவால் கோடு போட்டதுன்னு இருக்கு மேடம். மார்க்கர்னு போடணும். பேனா மை தண்ணி பட்டா அழிஞ்சுடும்."

அந்தச் சொல்லை மாற்றித் திருப்பி அனுப்பினோம்.