ஸ்பீக்கர் வந்தாச்சு, ரிசீவருக்குத்தான் காசு இல்ல

போன தீபாவளிக்கு முன்னாடி கூட வேலை பார்த்த ஒருத்தர் வெளிநாடு கிளம்பினார், வீட்டை காலி பண்றப்ப தன்னோட கெஃப் க்யூ150 ஸ்பீக்கர் ஜோடியை பாதி விலைக்கு தர்றேன்னார், நான் யோசிக்கவே இல்ல, அன்னைக்கு சாயங்காலமே ஸ்கூட்டர்ல ரெண்டு ட்ரிப் அடிச்சு கொண்டுவந்து ஹால்ல டிவி ரெண்டு பக்கமும் வச்சுட்டேன். வச்சு ரசிச்சு முடிச்சப்புறம்தான் உறைச்சுது, இதை பாட வைக்க வீட்டுல ஒன்னுமே இல்ல, டிவி சவுண்டை வாங்கி பவர் ஏத்தி ஸ்பீக்கருக்கு அனுப்ப ரிசீவர்னு ஒரு ஆம்ப் பெட்டி வேணும். கையில இருந்தது 35 ஆயிரம், அதுவும் வீட்டம்மா கணக்குல பிரிட்ஜுக்கு எடுத்து வச்சது.

நேரா ஒரு கடைக்குப் போனேன். ஸ்பீக்கர் பேரைச் சொன்னதுமே அந்த தம்பி, "சார், இந்த ஸ்பீக்கருக்கு சின்ன ரிசீவர் எல்லாம் பத்தாது, மினிமம் 7.2, 9.2 போங்க, அட்மாஸ் வேணும்ல"னு ஆரம்பிச்சு ஒன்றரை லட்சத்துல கொண்டுபோய் நிறுத்தினார். புள்ளிக்கு முன்னாடி இருக்கிறது ஸ்பீக்கர் எண்ணிக்கை, பின்னாடி இருக்கிறது பேஸுக்குன்னே வைக்கிற சப்வூஃபர் எண்ணிக்கை, அட்மாஸ்னா தலைக்கு மேல இருந்தும் சவுண்டு வர்ற மாதிரி செய்யற முறை. என் ஹால் 14க்கு 12 அடி. அதுல ஒன்பது ஸ்பீக்கர் வச்சா நாங்க வாசல்ல உட்கார்ந்துதான் படம் பார்க்கணும். யோசிச்சு சொல்றேன்னு வெளிய வந்து டீ குடிச்சுட்டு போன்ல ஸ்பெக் ஷீட் படிக்க உட்கார்ந்தேன். அன்னைக்கு படிச்சதுதான் என் காசைக் காப்பாத்துச்சு.

சின்ன வயசுல டேப் ரெக்கார்டர் மேல 1000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு ஊதிப் பெருக்கின நம்பரை ஸ்டிக்கரா ஒட்டியிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? ரிசீவர் அட்டைப்பெட்டி மேல இருக்கிற வாட்ஸும் கிட்டத்தட்ட அதோட ஒன்னுவிட்ட தம்பிதான். யமஹா ஆர்எக்ஸ்-வி385ஐ எடுத்துக்கங்க, ஒரு இடத்துல 135 வாட்ஸ்னு இருக்கும், பக்கத்துலயே பொடி எழுத்துல ஒரே சேனல் (அதாவது ஒரு ஸ்பீக்கர் மட்டும்), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம் டிஸ்டார்ஷன்னு இருக்கும். 10 சதவீதம்னா சவுண்டு கரகரன்னு உடையுற நிலைமை, யார் அப்படி கேட்பாங்க? அதே ரிசீவரை ரெண்டு சேனலையும் ஓட்டி, 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 0.09 சதவீத டிஸ்டார்ஷன்ல அளந்தா 70 வாட்ஸ். இந்த 70தான் நிஜ நம்பர். எந்த கம்பெனி ரிசீவரா இருந்தாலும் இந்த மாதிரி வரியைத் தேடிப் பிடிச்சு அதை மட்டும் ஒப்பிடுங்க, அட்டைப்பெட்டியை விட்டுருங்க.

சரி, 70 போதுமா? இங்கதான் நான் ரொம்ப நாளா தப்பா நினைச்சுட்டிருந்தேன். க்யூ150ஓட சென்சிடிவிட்டி 86 டெசிபல், அதாவது அந்த ஸ்பீக்கருக்கு 1 வாட் பவர் கொடுத்தா 1 மீட்டர் தள்ளி 86 டெசிபல் சத்தம் வரும். பவரை டபுள் பண்ணினா ஏறுறது வெறும் 3 டெசிபல், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமார் 10 டெசிபல் ஏறணும், அதுக்கு பவர் பத்து மடங்கு வேணும். என் சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கு, அந்த தூரத்துக்கு ஒரு 9 டெசிபல் கழிச்சு, ரெண்டு ஸ்பீக்கருக்கு 3 கூட்டினா, 1 வாட்லயே 80 வருது, 10 வாட்ல 90, 70 வாட்ஸ்ல 98க்கு மேல. 90லயே பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். இப்ப 70க்கு பதிலா 100 வாட்ஸ் ரிசீவர் வாங்கினா என்ன கூடுதலா கிடைக்கும்? ஒன்றரை டெசிபல். அந்த ஒன்றரைக்குத்தான் கடைக்காரத் தம்பி என்னை லோன் போட சொன்னது!

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும், ஓம்ஸ், அதாவது கரண்ட்டுக்கு ஸ்பீக்கர் காட்டுற தடை. க்யூ150ஐ 8 ஓம்ஸ்னுதான் போட்டிருக்காங்க, ஆனா சில ஃப்ரீக்வென்சில 3.7 வரைக்கும் இறங்கும்னும் அவங்களே ஷீட்ல சொல்றாங்க. ஓம்ஸ் குறைய குறைய ரிசீவர் அதிக கரண்ட் தள்ளணும், சூடாகும். வீட்டு வால்யூம்ல பிரச்சனை இல்ல, ஆனா நம்ம ஊர்ல டிவிக்கு கீழ கண்ணாடி கதவு வச்ச ஷோகேஸ் இருக்குமே, அதுக்குள்ள வச்சு மூடினீங்கன்னா முடிஞ்சுது. மேல நல்லா இடைவெளி விட்டு திறந்த இடத்துல வைங்க. சூட்டுக்கு பல்லி வேற வந்து படுக்கும், அது தனிக்கதை.

செகண்ட் ஹேண்ட் பக்கமும் போய்ப் பார்த்தேன். அமெரிக்கால இருந்து யாரோ கொண்டுவந்த பெரிய ரிசீவர் ஒன்னு சல்லிசா வந்துச்சு, பின்னாடி திருப்பிப் பார்த்தா 120 வோல்ட். நம்ம 230ல நேரா சொருகினா ஒரே நொடி, புகைதான். எங்க மாமா 2011ல அப்படி ஒன்னை சொருகி பொசுக்கினவர், அந்த டப்பா இன்னும் அவர் பரண்மேல கிடக்கு. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா ஓடும், ஆனா அந்த டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் அது போடுற உர்ர்ர் சத்தத்தையும் கணக்குல சேர்த்தா சல்லிசு எங்க இருக்கு?

கடைசில டெனான் ஏவிஆர்-எக்ஸ்250பிடியா யமஹா வி385ஆன்னு வந்து நின்னுச்சு. ரெண்டும் 5.1, ரெண்டுலயும் ப்ளூடூத். டெனான் எனக்கு விலை குறைச்சலா கிடைச்சுது, ஆனா மைக் வச்சு ரூமை அளக்கற வசதி இல்ல. யமஹாவுல வைபாவோன்னு ஒன்னு இருக்கு, ஒரு குட்டி மைக் கொடுப்பாங்க, நீங்க உட்கார்ற இடத்துல வச்சு பட்டனை அமுக்கினா பீப், பூம்னு சத்தம் விட்டு தூரம், லெவல் எல்லாம் அதுவே அளந்து சரி பண்ணிக்கும். என் ஹால்ல ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் சமையலறை வழி, அதனால சவுண்டு எப்பவும் சுவர் பக்கமாவே இழுக்கும், எனக்கு அந்த மைக்தான் முடிவு பண்ணுச்சு. அட்மாஸ் இல்ல, இஆர்க் (டிவி சவுண்டை எச்டிஎம்ஐ ஒயர் வழியாவே ரிசீவருக்கு அனுப்புற ஆர்க் வசதியோட புது வடிவம்) இல்ல, வைஃபை இல்ல. இருக்கட்டுமே. ஓடிடில வர்றது பெரும்பாலும் கம்ப்ரெஸ் பண்ணின டால்பி டிஜிட்டல் பிளஸ்தான், அதுக்கு சாதா ஆர்க்கே போதும். ஆனா பென்டிரைவ்ல டிடிஎஸ் (டால்பி மாதிரி இன்னொரு சவுண்டு முறை) படம் பார்க்கறவங்க கவனிங்க, நிறைய டிவிங்க ஆர்க் வழியா டிடிஎஸ்ஸை விடாது, பென்டிரைவை டிவிக்கு பதிலா ஒரு மீடியா பிளேயர்ல போட்டு, அந்த பிளேயரை முதல்ல ரிசீவர்ல சொருகிட்டு அங்கிருந்து டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ போட்டுருங்க.

ஒயர் 16 கேஜ் சுத்த காப்பர் வாங்கினேன், அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசினதை காப்பர்னே விப்பாங்க, நுனியை சுரண்டிப் பார்த்தா உள்ள வெள்ளையா பல்லிளிக்கும்.

மச்சான் வீட்டுல சும்மா தூங்கிட்டிருந்த 10 இன்ச் சப்வூஃபரையும் அள்ளிட்டு வந்தேன். இதான் எல்லாத்தையும் விட பெரிய வித்தியாசம். க்யூ150 51 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், அதுக்குக் கீழ சப் பார்த்துக்கும், அதோட சப்புக்கு உள்ளயே தனி ஆம்ப் இருக்கறதால ரிசீவர் தலையில இருந்து பாரம் இறங்கிடும். வைபாவோ என் ஸ்பீக்கரை லார்ஜ்னு போட்டு வச்சிருந்துச்சு, நான் ஸ்மால்னு மாத்தி கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழ சப்புக்கு அனுப்பணும்ங்கற எல்லை) 80 ஹெர்ட்ஸ் வச்சேன். ஸ்மால்னா கௌரவக் குறைச்சல்னு நினைக்காதீங்க, பேஸை சப்புக்கு அனுப்புன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

இந்த அளக்கறதெல்லாம் பண்ணினது ரெண்டாவது நாள். முதல் நாள் ராத்திரி ஆசை தாங்காம ஒயரை சொருகி உடனே படம் போட்டுட்டேன். பாட்டு அதிருது, மழை கொட்டுது, ஆனா ஹீரோ வாயசைக்கிறார், குரல் எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வருது. "ஏங்கண்ணு, இத்தனை காசு கொடுத்து வாங்கினியே, பேசறது ஒன்னுமே கேக்கலையே"ன்னு அம்மா கேட்டாங்க, நான் ரிசீவர் ஃபால்ட்டுன்னு முடிவு பண்ணி பில்லைத் தேட ஆரம்பிச்சுட்டேன். விஷயம் என்னன்னா, வசனத்துக்குன்னே நடுவுல வைக்கிற சென்டர் ஸ்பீக்கர் இருக்குன்னே ரிசீவர் நினைச்சுட்டிருக்கு, வசனத்தை எல்லாம் பின்னாடி காலியா கிடந்த சென்டர் டெர்மினலுக்கு அனுப்பிட்டிருக்கு. மெனுவுல சென்டரை "நன்", அதாவது இல்லைன்னு மாத்தினதும் வசனம் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல டிவியில இருந்தே வர்ற மாதிரி வந்து உட்கார்ந்துச்சு. அம்மா ரிமோட்டை வாங்கி சீரியல் போட்டாங்க. அன்னைல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ரிசீவர் அவங்களோடதுதான்.