மெமரி கார்டு ஸ்லாட்டுக்கு உரிமம் வாங்கிய அனுபவம்

"தம்பி, கார்டைப் போட்டா 'கார்டு இல்லை'ன்னு சொல்லுது. கையால தொட்டுப் பார்த்துட்டேன், கார்டு உள்ளதான் இருக்கு."

2022 டிசம்பரில் பூந்தமல்லியிலிருந்து வந்த அழைப்பு இது. பேசியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பார்வையற்றவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏழு பேர் வேலை செய்யும் எங்கள் சின்ன கம்பெனி, பார்வையற்றவர்களுக்கான கையடக்க ஒலிநூல் கருவி ஒன்றைச் செய்கிறது. பெரிய பொத்தான்கள் ஐந்து, ஒரு ஸ்பீக்கர், மைக்ரோ எஸ்டி கார்டு போட ஒரு ஸ்லாட். அவ்வளவுதான் கருவி. கார்டில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் தமிழில் வாசித்துச் சொல்லும். வேண்டிய பெயர் வந்ததும் நடுப் பொத்தானை அழுத்தினால் புத்தகம் ஓடும்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பேரன் வாங்கிக் கொடுத்த 64 ஜிபி கார்டு. இரண்டு வாரம் உட்கார்ந்து, நண்பர்கள் வாசித்துப் பதிவு செய்த நூல்களையெல்லாம் அதில் ஏற்றியிருக்கிறான். கையில் எடுத்ததுமே கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி வகைக் கார்டுகள், ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற அமைப்பில் வரும். அதற்கு மேலே 2 டிபி வரையிலான எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில்தான் வர வேண்டும். 2009இல் எஸ்டிஎக்ஸ்சியை அறிவித்தபோதே அப்படி வரையறுத்துவிட்டார்கள். எங்கள் கருவிக்கு ஃபேட்32 மட்டும்தான் படிக்கத் தெரியும். படிக்கத் தெரியாத கார்டை அது "இல்லை" என்று சொன்னது.

லேப்டாப்பில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, கார்டை ஃபேட்32ஆக மாற்றி, திரும்ப ஏற்றினேன். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கு ஃபேட்32 காட்டாது என்பதால் வேறொரு மென்பொருளைத் தேடி இறக்க வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம் போயிற்று. அதற்குள் டீச்சர் டிகாக்‌ஷன் இறக்கி, டம்ளர் விளிம்பில் விரலை வைத்து அளவு பார்த்துக் காபி கலந்து கொண்டுவந்தார். கிளம்பும்போது, "அடுத்த கார்டு வாங்கினா மறுபடியும் நீ வரணுமா தம்பி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

தொழில்நுட்ப ரீதியில் அது ஒரு வரி வேலை. எங்கள் கருவியில் இருந்தது சாதாரண மைக்ரோகன்ட்ரோலர், சின்ன வேலைகளுக்கான சிப். கார்டைப் படிக்க ஃபேட்எஃப்எஸ் என்ற இலவச லைப்ரரியை, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பை, பயன்படுத்தினோம். அதன் அமைப்புக் கோப்பில் எக்ஸ்ஃபேட்டுக்கான வரியில் 0 என்பதை 1 ஆக்கினால் போதும். அன்று மாலையே எங்கள் எஞ்சினியர் பெண் அதைச் செய்து 128 ஜிபி கார்டைப் போட்டுக் காட்டினாள். ஓடியது. ஆனால் அதே லைப்ரரியின் விளக்கக் குறிப்பை அவளே படித்துவிட்டு வந்தாள்: எக்ஸ்ஃபேட் மைக்ரோசாஃப்ட்டின் காப்புரிமை (பேட்டன்ட்), விற்பனைக்கான கருவியில் இதை இயக்கினால், பொருள் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து உரிமம் தேவைப்படும்.

அந்த வாரமே சிங்கப்பூர் விநியோகஸ்தர் ஒருவரின் ஒப்பந்தம் வந்தது. 500 கருவிகள், எங்களுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். 14 பக்க ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பக்கத்தில், கருவியில் மூன்றாம் தரப்பினரின் காப்புரிமை எதையும் மீறவில்லை, மீறியதாக வழக்கு வந்தால் செலவு முழுவதும் எங்களுடையது என்று எழுதியிருந்தது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

நாங்கள் ஸ்லாட் வாங்கும் ரிச்சி தெருக் கடைக்காரரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "இந்த ஸ்லாட்டுக்கெல்லாம் யாரு சார் லைசென்ஸ் வாங்குறாங்க?" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் விற்பது உலோகமும் பிளாஸ்டிக்கும்தான். ஆனால் பொய்யென்று தெரிந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

விசாரிக்கத் தொடங்கியபோது எனக்கு இருந்த பெரிய குழப்பம், "மெமரி கார்டு லைசென்ஸ்" என்பதை ஒரே பொருளாக நினைத்துக்கொண்டிருந்ததுதான். எழும்பூரில் ஒரு வழக்கறிஞர் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பிரித்துக் காட்டினார். கார்டும் ஸ்லாட்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு ஒரு சொந்தக்காரர். கார்டுக்குள் ஃபைல்களை அடுக்கும் முறைக்கு இன்னொருவர். பெட்டியில் அச்சடிக்கும் லோகோ வணிகச் சின்னம், அதற்குத் தனியாக அனுமதி வேண்டும். ஒன்றுக்குக் கட்டிய பணம் மற்றொன்றுக்கு ஆகாது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 1999இல் பானாசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை உருவாக்கின. 2000இல் எஸ்டி அசோசியேஷன் அமைந்தது. காப்புரிமைகளுக்கான உரிமத்தைக் கொடுப்பது எஸ்டி-3சி என்ற தனி நிறுவனம். சுருக்கப்பட்ட விவரக்குறிப்பு ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. நாங்கள் அதை வைத்துத்தான் முதல் கருவியையே செய்திருந்தோம். இலவசமாகக் கிடைத்ததால் உரிமமும் அதோடு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டோம். அதன் ஆரம்பப் பக்கங்களிலேயே, இதைச் செயல்படுத்த எஸ்டி-3சியிடமோ மற்றவர்களிடமோ உரிமம் தேவைப்படலாம் என்று இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருந்தோம்.

கட்டணம் பயந்த அளவுக்கு இல்லை. அப்போது எஸ்டி அசோசியேஷனின் பொது உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 2,500 டாலர். கருவி செய்பவர்களுக்கான உரிம ஒப்பந்தத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர். எத்தனை கருவி விற்றாலும் அதே தொகைதான். கார்டு தயாரிப்பவர்கள் கதை வேறு, விற்பனையில் சதவீதமாக ராயல்டி கட்ட வேண்டும். அந்த 6 சதவீத ராயல்டியை எதிர்த்துத்தான் சாம்சங் 2010இல் அமெரிக்காவில் பானாசோனிக் மேல் வழக்குப் போட்டது. நாங்கள் கார்டு செய்யவில்லை என்பதால் அந்தக் கணக்கு எங்களைத் தொடவில்லை.

லோகோ விஷயத்தில் தவறு எங்களுடையது. முதல் மாடலின் பெட்டியில் இணையத்திலிருந்து எடுத்த மைக்ரோ எஸ்டி சின்னத்தை அச்சடித்திருந்தோம். ஒப்பந்தம் முடிவதற்கு முன் அதைப் பயன்படுத்தக் கூடாது. கிடங்கில் இருந்த 400 பெட்டிகளின் மேலும் ஒரு சனிக்கிழமை முழுக்க எல்லோரும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டி அந்தச் சின்னத்தை மறைத்தோம்.

பணம் அனுப்புவதில்தான் உண்மையான அலைச்சல். உறுப்பினர் சந்தாவுக்கு ஒரு பில், உரிமத்துக்கு ஒரு பில் எனத் தனித்தனியாக வந்தன. வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுக்கும்போது நோக்கக் குறியீடு கேட்பார்கள். சந்தாவுக்கு ஒன்று, காப்புரிமை உரிமத்துக்கு வேறொன்று. இரண்டையும் ஒரே படிவத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அப்புறம் வரி. வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் ராயல்டியில், அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவின்படி நாம் வரி பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது. அந்த விகிதம் 2023 ஏப்ரலிலிருந்து 10இலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது, செஸ்ஸோடு 20.8. இரட்டை வரி ஒப்பந்தத்தின்படி குறைக்க வேண்டுமென்றால் பணம் பெறுபவரின் நாட்டு வரி வசிப்பிடச் சான்று கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது நேரத்துக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தப்படி அவர்களுக்கு 1,000 டாலர் முழுதாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால் வரி எங்கள் தலையில். ஆடிட்டர் கணக்குப் போட்டார்: 1,000ஐ 0.792ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,263 டாலர். சேவை இறக்குமதி என்பதால், வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அதை ரொக்கமாகக் கட்டிவிட்டுத்தான் பிறகு கிரெடிட் எடுக்க முடியும். சின்ன கம்பெனிக்கு இந்த இடைவெளி வலிக்கும், பட்ஜெட் போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால், அதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 15சிஏ படிவத்தின் முதல் பகுதி அப்போது போதுமாக இருந்தது, ஆடிட்டரின் 15சிபி சான்றிதழ் தேவைப்படவில்லை. எங்கள் மொத்தத் தொகை 3 லட்சத்தை ஒட்டித்தான் வந்தது. ஆனாலும் வங்கிக் கிளையில் 15சிபி இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்றார்கள். விதியை அச்செடுத்து எடுத்துப்போய் மேலாளரிடம் காட்டிய பிறகுதான் நகர்ந்தது. முதல் விண்ணப்பத்திலிருந்து கையெழுத்தான ஒப்பந்தம் கைக்கு வர நான்கு மாதம்.

இனி ஃபைல் அடுக்கும் முறை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், காரணம் எங்கள் கருவிக்கு ஃபைலின் பெயர்தான் உயிர். பழைய ஃபேட்டில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று. தமிழ்ப் பெயருக்கு அதில் இடமே இல்லை. விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு வழி கண்டது. நீளமான பெயரை 13 குறியீடு கொண்ட துண்டுகளாக வெட்டி, 32 பைட் அறைகளில் வரிசையாகப் போட்டு, அந்த அறைகளின் மேல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளம் கண்டுகொள்ளாத ஓர் அடையாளத்தை வைத்தது. "ஆடிப்பெருக்கு உரை" என்று எங்கள் கருவி வாயைத் திறந்து சொல்வது அந்த அறைகளைக் கோத்துப் படித்துத்தான்.

அதற்குக் காப்புரிமை இருந்தது. 2003 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கட்டணம் கருவி ஒன்றுக்கு 25 சென்ட், ஒரு தயாரிப்பாளருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். 2009 பிப்ரவரியில் வழிகாட்டிக் கருவி செய்யும் டாம்டாம் மேல் வழக்கே போட்டது. மார்ச் மாதம் சமரசமானது. அந்தக் காலத்தில் நாங்கள் இந்தக் கருவியைச் செய்திருந்தால், தமிழ்ப் பெயரை வாசிப்பதற்கே ஒவ்வொரு கருவிக்கும் காசு எண்ணி வைக்க வேண்டியிருந்திருக்கும். அந்தக் காப்புரிமைகளின் காலம் முடிந்துவிட்டது. ஆகவே ஃபேட்32க்கும் நீளப் பெயருக்கும் இப்போது யாருக்கும் எதுவும் தர வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னபோது எனக்குப் பெரிய நிம்மதி.

எக்ஸ்ஃபேட் அப்படியில்லை, 2006இல் வந்தது. 2009 டிசம்பரில் கேமரா, கேம்கோடர், டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம் போன்றவற்றுக்கு மொத்தமாக 3,00,000 டாலர் என்று உரிமக் கட்டணம் அறிவித்தார்கள். நம் பணத்தில் இரண்டரைக் கோடி. எங்கள் ஆண்டு விற்றுமுதலே அதற்குக் கீழே. இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

வழி வேறு பக்கத்திலிருந்து கிடைத்தது. 2019 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் அதைச் சேர்ப்பதை ஆதரிப்பதாக அறிவித்தது. 2020இல் எக்ஸ்ஃபேட்டைப் படிக்க சாம்சங் எழுதிய டிரைவர் நிரல் லினக்ஸ் 5.7இல் சேர்ந்தது. ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பில் சேர்ந்தவர்கள், லினக்ஸ் தொடர்பான காப்புரிமைகளை ஒருவர் மேல் ஒருவர் வழக்காக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2018லேயே அதில் சேர்ந்துவிட்டது. 2021இல் அந்தப் பாதுகாப்பு எல்லைக்குள் எக்ஸ்ஃபேட்டும் வந்தது. நாங்கள் சேர்ந்தபோது கட்டணம் எதுவும் இல்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விவரக்குறிப்பு வெளியானதாலேயே எல்லோருக்கும் எக்ஸ்ஃபேட் இலவசம் ஆகிவிடவில்லை. அந்தப் பாதுகாப்பு லினக்ஸில் ஓடும் கருவிக்குத்தான். எங்கள் மைக்ரோகன்ட்ரோலரில் ஓடுவது லினக்ஸ் இல்லை. 0ஐ 1 ஆக்கிய அந்த ஒரு வரிக்கு எந்தக் குடையும் கிடையாது.

இரண்டு வழிதான் இருந்தது. ஃபேட்32 மட்டும் வைத்து, பெரிய கார்டு போட்டால் "அழித்து மாற்றட்டுமா?" என்று கருவியே கேட்கும்படி செய்யலாம். செலவே இல்லை. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு டீச்சரின் பேரன் இரண்டு வாரம் ஏற்றிய நூல்கள் ஞாபகம் வந்தன. பார்க்க முடியாத ஒருவரிடம் பொத்தானை அழுத்தச் சொல்லி, அவருடைய புத்தகங்களையே அழிக்க வைப்பதா? வேண்டாம் என்றேன்.

ஆகவே லினக்ஸ் ஓடும் சிப்புக்கு மாறினோம். கருவிக்கு 340 ரூபாய் கூடியது. 22 மணி நேரம் ஓடிய பேட்டரி 13 மணி நேரமாகக் குறைந்தது, கொஞ்சம் பெரிய பேட்டரி வைத்து 17க்குக் கொண்டுவந்தோம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.10, அந்த 5.7க்குப் பிந்தையது. கேட்பவர்களுக்கு அதன் மூலநிரலைத் தருவோம் என்ற தாள் ஒன்றையும் பெட்டியில் வைக்கிறோம், லினக்ஸின் உரிமம் அதைக் கேட்கிறது. ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்ந்த தாளையும் எஸ்டி-3சி ஒப்பந்தத்தையும் இணைத்த பிறகு, சிங்கப்பூர் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

2024 பிப்ரவரியில் புதுக் கருவியோடு பூந்தமல்லிக்குப் போனேன். பேரன் இந்த முறை 128 ஜிபி வாங்கி வைத்திருந்தான். டீச்சரே நகத்தால் தடவி மேல்பக்கம் எது என்று பார்த்து, கார்டை உள்ளே தள்ளினார். ஒரு விநாடி சத்தமில்லை. பிறகு கருவி ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கியது. நான்காவது பெயர் வந்ததும் நடுப் பொத்தானை அழுத்தினார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "இரு தம்பி, இந்த அத்தியாயம் முடியட்டும்" என்றார்.