கணவன் பெயரில் மனைவியைத் தேடி இரண்டு வாரம் போச்சு

அமெரிக்காவில் குடியேறிய ஓர் இத்தாலியப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரைத் தேடினேன். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவின் கப்பல் பயணிகள் பட்டியலில் இரண்டு வாரம் வீணானது, மனைவியைக் கணவனின் குடும்பப் பெயரிலேயே தேடியதால். இத்தாலியப் பத்திரங்களில் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் பிறந்த வீட்டுப் பெயர்தான், சாகும்வரை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கணவனின் குடும்பப் பெயரான, உதாரணத்துக்கு, 'ருஸ்ஸோ' என்று இருக்கும் மனைவி, கப்பலில் வேறு பெயரில் இருப்பார். கூட வந்த பிள்ளைகள் மட்டும் ருஸ்ஸோ. ஆகவே அம்மாவை விடுங்கள். பிள்ளையின் பெயர், வயசை வைத்துத் தேடுங்கள். பிள்ளை அகப்பட்டால் பெரும்பாலும் மேல் வரியிலேயே தாய் இருப்பார்.

அவர்தானா என்று உறுதிசெய்ய, அதே கப்பலின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பிள்ளைகளோடு தனியாக வந்த பெண்களைக் கணவன் வந்து அழைத்துப்போகும்வரை தீவிலேயே நிறுத்திவைப்பார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. யாரிடம் போகிறார், எந்த விலாசம் என்பதெல்லாம் அதில்தான். இது தெரியாமல் முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன். 1907-க்குப் பிந்தைய பட்டியலில் இத்தாலியில் சொந்த ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் இருக்கும். அது அவருடைய தகப்பனாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்கக் குடியுரிமைத் தாள்களில் மெனக்கெட வேண்டாம். 1922 செப்டம்பர் வரை கணவனுக்குக் கிடைத்தால் மனைவிக்கும் தானாகவே கிடைத்துவிடும். அவருக்கென்று தனிக் கோப்பு பெரும்பாலும் இராது. அதைவிட, பிள்ளைகள் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு (சோஷியல் செக்யூரிட்டி) எண்ணுக்குக் கொடுத்த எஸ்எஸ்-5 விண்ணப்பம் (1936 முதல்) உபயோகம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கேட்கும் கட்டம் அதில் இருக்கிறது. ஆனால் பிள்ளை கேள்விஞானத்தில் எழுதியது, எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். முதல் பெயரும் அப்படித்தான்: அமெரிக்காவில் 'ஜென்னி' என்றால் ஊரில் ஜொவான்னாவோ, வின்சென்ஸாவோ, கொன்செத்தாவோ!

பெரிய அடி விழுந்தது அந்தப் பெண்ணின் இத்தாலிய ஊர் நகராட்சிக்கு எழுதியபோது. பிறப்புக்கு 'செர்த்திஃபிகாத்தோ', அதாவது சாதாரணச் சான்றிதழ், கேட்டேன். மூன்று மாதம் கழித்து வந்த தாளில் பெயர், தேதி, ஊர். பெற்றோர் பெயர் இல்லை. 1955 சட்டத்துக்குப் பிறகு சாதாரணச் சான்றிதழில் அதைப் போடமாட்டார்கள். குமாஸ்தா கேட்டதைக் கொடுத்தார், சரி. ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் கேட்கவேண்டியது 'எஸ்த்ராத்தோ', அதாவது பதிவேட்டிலிருந்து எடுத்த சாறு. அதுவும் 'கோன் பத்தெர்னித்தா எ மத்தெர்னித்தா' (தாய் தகப்பன் பெயரோடு) என்று சேர்த்து. நூறு வருஷம் தாண்டிய பதிவுக்கு 300 யூரோ வரை வசூலிக்க 2025 முதல் நகராட்சிகளுக்கு அனுமதி வேறு இருக்கிறது.

எனவே முதலில் இத்தாலியின் பழைய பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் காட்டும் 'அந்தெனாத்தி' தளம், காசு கிடையாது. நேப்பிள்ஸ் பக்கம் 1809 முதல், சிசிலியில் 1820 முதல் பதிவுகள் உண்டு, எல்லா ஊருக்கும் ஏறியிருக்காது. கல்யாணப் பதிவைப் பார்த்ததும் நிறுத்தாமல் 'அல்லெகாத்தி' என்ற இணைப்புக் கட்டைத் திறங்கள். மணப்பெண்ணின் பிறப்புப் பதிவு நகலும், பெற்றோர் இறந்திருந்தால் அவர்களுடைய இறப்புப் பதிவு நகலும் அதில் கோத்திருப்பார்கள். தகப்பன் பெயருக்கு முன் 'டி' என்றால் உயிரோடிருக்கிறார், 'ஃபூ' என்றால் காலமானவர். நான் தேடிய பெண்ணின் பெயர் அந்தக் கட்டில்தான் கிடைத்தது. எஸ்எஸ்-5-இல் மகன் எழுதியதற்கும் அதற்கும் முதல் எழுத்தே வேறு.