உதவித்தொகையும் மாதாந்திர உறுதிப்படுத்தலும்

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களிடம், முதலில் தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகையைப் பெற முயலுங்கள் என்றே சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு அதை 2023 ஜனவரி முதல் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தியது. இரண்டாண்டுக்குப் பின் மதிப்பீட்டில் தேறி முதுநிலை ஆய்வு உதவித்தொகைக்கு மாறினால் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இந்த உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். விடுதிச் செலவு போக அதில் புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்? உதவித்தொகை கிடைத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு: மாதந்தோறும் பல்கலைக்கழக அலுவலகம் இணையத்தில் உறுதிசெய்தால்தான் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துசேரும். எங்கள் அலுவலகத்தில் அப்பொறுப்பிலிருந்தவர் மாற்றலாகிப் போனதால் எனக்கு நான்கு மாதத் தொகை நின்றுபோனது; அக்காவிடம் கைமாற்று வாங்கித்தான் களப்பணிக்குப் பேருந்து ஏறினேன்.